பூச்சியத்தை இரட்டித்தால்

வெகுகாலத்துக்கு முன்னே, ஆலநாடு என்றொரு நாட்டை விறல்வேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் மழை, நினைத்தால் வெயில் என்கிற சுபாவம். பயிர் வாடுகிறது, ஏரி மதகைத் திறக்கலாமே என்று ராணி செங்கமலை ஒருநாள் சொல்ல, "அடுப்படிப் பேச்செல்லாம் சபைக்கு எதற்கு?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். அவள் சபையை விட்டு எழுந்து, ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மாளிகைக்குப் போய்விட்டாள்.

அப்புறம் இவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பொழுது சாயும்போது உப்பரிகையில் நின்று அக்கரையையே பார்ப்பான். சாளரத்தில் அவள் நிழலாடினால்தான் அவனுக்கு மூச்சு வரும். பார்த்துவிட்டாலோ சோறு இறங்காது.

அமைச்சர் அம்பலக்கூத்தர் எதையும் கணக்கால் அறிபவர். அவர்மேல் பொறாமை கொண்ட சேனாதிபதி வீரசிங்கன் இதுதான் சமயமென்று, "அரசே, ராணியார் எப்போது பேசுவார் என்று அமைச்சர் கணக்குப் போட்டுச் சொல்லட்டுமே! தவறினால் பதவியை விட்டு இறங்கட்டும்" என்று தூண்டிவிட்டான். ராஜாவும் தலையாட்டினான்.

கூத்தர் கேட்டார்: "அரசே, ராணியார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நீங்கள்?"

"இரண்டாகத் திருப்பிச் சொல்வேன்."

"சுடுசொல் சொன்னால்?"

"அதையும் இரண்டாக."

"அவரும் அப்படித்தானா?"

"அவள் எனக்குச் சளைத்தவளா என்ன!"

"இன்று என்ன சொன்னார்?"

"ஒன்றுமில்லை."

"அதை இரட்டித்தால்?"

"ஒன்றுமில்லை..."

"நாளைக்கும் அதேதான் அரசே. பூச்சியத்தை இரட்டித்துக்கொண்டே போனால் யுகம் முடிந்தாலும் பூச்சியம்தான். ராணியார் பேச மாட்டார். இதுதான் கணக்கு."

ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மாற்ற வழியே இல்லையா?"

"யாராவது முதலில் ஒன்றை வைக்க வேண்டும். நல்ல ஒன்றாகப் பார்த்து வையுங்கள். கெட்டதும் இரட்டிக்கும்."

வீரசிங்கன் குதித்தான்: "ராஜா பெண்டாட்டியிடம் இறங்கிப் போவதா? மானம் என்னாவது!"

"உன் மானம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுமா? வா, படகை நீயே ஓட்டு!" என்ற ராஜா, மதகைத் திறக்க ஆணையிட்டு, கழுத்து முத்துமாலையைக் கூத்தருக்கு அணிவித்துவிட்டு ஆற்றுக்கு ஓடினான்.

சபை பார்க்க, சேனாதிபதி வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டான்.

அக்கரைப் படித்துறையின் உச்சியில் செங்கமலை நின்றிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் ராஜாவுக்கு மறந்துபோயிற்று.

"நீ சொன்னதுதான் சரி. சிரித்தது என் தப்பு" என்றான்.

அவள் இரண்டு படி இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"பாசி வழுக்கும். பார்த்து ஏறுங்கள்."