சிகரம் என்றொரு மண்மேடு

கொள்ளிடத்துப் படுகையில் ஒரு மடம் இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி சமதரை. கட்டைவிரல் பருமனில் ஒரு கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். மடத்தை நிறுவிய குருநாதர் குளம் வெட்டியபோது அள்ளிப் போட்ட மண் ஒரு பக்கமாகக் குவிந்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார், ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்தார், கடைசியில் அதிலேயே சமாதியானார்.

அவர் காலத்தில் அதற்குப் பெயர் மேடு. குருநாதர் இருக்கும் இடத்தைப் போய் மேடு என்பதா என்று அடுத்து வந்தவர்கள் குன்று என்றார்கள். அவர்களுக்கு அடுத்தவர்கள் மலை என்றார்கள். பிறகு மதில் எழுப்பி, கம்பிக் கதவு போட்டு, சிகரம் என்றே ஆக்கிவிட்டார்கள். மழையில் கரைந்து மண் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. வாய் தவறி மேடு என்று சொன்னவர் ஒரு வேளை பட்டினி கிடக்க வேண்டும் என்பது மடத்துச் சட்டம்.

அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவர் வாகீசத் தம்பிரான். அறுபதை நெருங்கியவர். நிகண்டு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மலை என்று யாராவது வாயெடுத்தால் போதும், வெற்பு, பொருப்பு, வரை, சிலம்பு, ஓங்கல் என்று மூச்சு விடாமல் அடுக்குவார். சிகரத்தின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அதை வாங்கிய அன்று, தீட்சை பெறாத பாதம் சிகரத்தில் பட விடமாட்டேன் என்று சமாதியைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியம்தான் அவருக்கு உயிர். அதில் பாசாங்கு எதுவும் இல்லை, பாவம்.

மடத்தின் தலைவர் காத்தலிங்க சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், தம்பிரான் சாமியிடம் போய் நின்றார். சிகரம் என்ற சொல் இப்போதெல்லாம் கண்டவர் வாயிலும் புழங்கி மலிந்துவிட்டது, மேரு என்று மாற்றிவிடலாமா என்பது அவர் யோசனை.

"உயரத்துக்கு நம்ம மொழியில இத்தனை சொல் இருக்கு சாமி. எதை எங்க சொல்றதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சாமி வானத்தைப் பார்த்தார். "தண்ணி வடியட்டும், சொல்றேன்" என்றார்.

தண்ணீர் வடியவில்லை. மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரை உடைந்தது.

குடிசைகளில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு ஓடிவந்தார்கள். மடத்துக் கூடத்திலும் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. இனி கால் ஊன்ற மிச்சமிருந்தது மதிலுக்குள் இருந்த அந்த ஓரிடம்தான். சமாதி விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று தம்பிரான் முன்னமே உள்ளே போய், வழக்கம்போல் கதவை உள்பக்கம் பூட்டியிருந்தார்.

கூச்சல் கேட்டு இறங்கி வந்தவர் விக்கித்துப் போனார். கம்பிகளுக்கு அப்பால் ஊரே நின்றது. எல்லோருக்கும் முன்னால், முழங்கால் தண்ணீரில், சாமி. தலைக்கு மேல் உயர்த்திய இரண்டு கைகளிலும் ஒரு பச்சைக் குழந்தை. அது கூடை முடைகிற மாசாணத்தின் குழந்தை. மாசாணத்துக்கு ஒரு கால் சூம்பியது. தண்ணீரின் இழுப்புக்கு அந்தக் கால் நிற்காது என்று குழந்தையைச் சாமியிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் நின்றான். அவன் மனைவி செவந்தி மூத்த பிள்ளையோடு மதிலை ஒட்டி ஒண்டியிருந்தாள்.

"திறங்க தம்பிரானே" என்றார் சாமி.

தம்பிரானின் கை சாவிக்குப் போயிற்று. பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீங்க மட்டும் வாங்க சாமி. மத்தவங்களை நான் எப்படி விடுவேன்? குருநாதரைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்கேன். சிகரத்தை மிதிக்க விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

சொல்லும்போதே அவர் அழுதார். பின்னால் யாரோ கதவை உடைத்துவிடலாம் என்றார்கள். குருநாதர் கதவில் கை வைத்தால் குலம் விளங்காது என்று அவர்களிலேயே ஒருவர் தடுத்தார்.

சாமி கோபப்படவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

"சத்தியம் சிகரத்துக்குத்தானே? அங்க இருக்கிறது சிகரமா, பாத்துச் சொல்லுங்க."

"சிகரம்தான் சாமி."

"கொஞ்சம் கீழே இறங்கி ஒரு சொல் சொல்லுங்க. உங்க சத்தியமும் உடையாது, கதவும் திறக்கும்."

தம்பிரான் திரும்பி அந்த மண்ணைப் பார்த்தார்.

"மலை."

"மலையில ஆடு மாடே மேயுது. திறக்கலாமா?"

"இது குருநாதர் மலை சாமி."

தண்ணீர் சாமியின் இடுப்புக்கு வந்தது. கட்டை ஒன்று மதிலில் மோதிச் சுழன்று போயிற்று.

"இன்னும் கீழே வாங்க."

"குன்று."

"இன்னும்."

மடத்துக்கு வந்த நாள் முதல் தம்பிரான் வாயில் வராத சொல் அது. அதைச் சொன்ன குற்றத்துக்காக எத்தனையோ பேரைப் பட்டினி போட்டவர் அவர். குழந்தை வீறிட்டது. தண்ணீர் சாமியின் மார்புக்கு வந்துவிட்டது. அவரைக் கண்ணெதிரே வெள்ளம் கொண்டுபோகப் போகிறது என்று தம்பிரானுக்குத் தெரிந்துவிட்டது.

"மேடு" என்றார். காதில் விழாத குரலில் சொன்னவர், பிறகு ஓலமிட்டார். "மேடு சாமி. குளத்து மண்ணைக் கொட்டின மேடு."

இடுப்பிலிருந்து சாவியை உருவிப் பூட்டைத் திருகினார். கதவைத் திறந்துவிட்டார். ஜனங்கள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். சேற்றுக் கால்கள் சமாதியின்மேல் ஏறின. ஒரு கன்றுக்குட்டி அங்கேயே சாணி போட்டது. பூமி பிளக்கவில்லை. தம்பிரானே தண்ணீருக்குள் இறங்கி, கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் இழுத்து மேலே விட்டார்.

விடிந்தபோது வெள்ளம் இறங்கத் தொடங்கியிருந்தது. மடத்து அவலை நனைத்துத் தம்பிரான் எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். செவந்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பிரானிடமும் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா சாமி? கால் ஒண்ணு சரியா இருக்காது."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த அவல் கீழே கொட்டியது.

சாமி மேட்டின் ஒரு சரிவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பிரான் அவர் முன்னால் போய் நின்றார்.

"மாசாணம் எப்போ போனான் சாமி?"

சாமி குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எந்தச் சொல்லைச் சொன்னப்போ?"

அது தெரிந்து என்ன ஆகப்போகிறது, போய் எல்லோருக்கும் அவலைக் கொடுங்கள் என்று சாமி சொல்லிப் பார்த்தார். தம்பிரான் நகரவில்லை.

"நீங்க மலைன்னு சொன்னப்போ அவன் கை என் தோள்ல இருந்துச்சு" என்றார் சாமி. "குன்றுன்னப்போ விரல் மட்டும் இருந்துச்சு. நான் இன்னும்னு கேட்டேன். ரெண்டு கையிலயும் குழந்தை, தம்பிரானே. நீங்க மேடுன்னு சொன்னப்போ என் தோள் லேசாயிடுச்சு."