கும்பிட்ட கையை இறக்காத கரும்பாறை

கல்லுக்கும் வாய் இருந்த காலம் அது. ஆமை பேசியது, கடல் பேசியது, தரையும் பேசியது. தரை பேசியது மட்டுமா? நடந்தும் போனது! இன்றைக்கு நம் காலுக்குக் கீழே கிடக்கிற இந்த நிலம் அன்றைக்கு இங்கே இல்லவே இல்லை. உலகத்தின் நடுக்கோட்டைத் தாண்டி, எங்கேயோ தெற்கே கிடந்தது. அவள் பெயர் நிலமங்கை. காட்டையும் குன்றையும் அத்தனை உயிர்களையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, கடலைப் பிளந்து வடக்கே நடந்தவள். சிரிக்காதீர்கள், முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அவள் இன்னும் தெற்கே இருந்தபோது ஒரு நாள் அவள் முதுகு பிளந்து தீக்குழம்பு பொங்கியது. முதலில் பொங்கி வந்தவள் காராயி. தீயில் பிறக்கிற கற்களுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குழம்பு ஆறும் நேரத்தில் அதற்குள் மிதக்கிற இரும்புத் துகள்கள் எல்லாம் வரிசையில் நிற்கவேண்டும். பூமியின் வயிற்றுக்குள் ஒரு காந்தம் இருக்கிறதே, அதன் இழுப்பு எப்படிச் சாய்கிறதோ அப்படியே தலையைச் சாய்த்து ஒரு கும்பிடு போடவேண்டும். பிறகு குழம்புகளில் முதலில் பொங்கிய மூத்தவள் “போதும், கலையுங்க” என்பாள். துகள்கள் கையை இறக்கி, இஷ்டம்போல் உருண்டு படுத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கல் இறுகும்.

காராயிக்கு வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். துகள்கள் கும்பிட்டு நிற்கிற நேரம் பார்த்து மழை கொட்டியது. கொதிக்கிற உடம்பில் தண்ணீர் பட்டதும் ஆவி குப்பென்று கிளம்பியது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஏன்டி மழையே, உனக்கு வேற நேரமே கிடைக்கலையா? இங்க ஒரு நல்ல காரியம் நடந்துட்டிருக்கு!”

“நான் வர்றதுக்கு உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? நீ பெரிய மகாராணி பாரு!” என்றது மழை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. நீ ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்ல, சண்டை முடிவதற்குள் காராயி ஆறி, கறுத்து, கரும்பாறையாக இறுகிவிட்டாள். “ஐயையோ, கலையச் சொல்ல மறந்துட்டேனே!” என்று அவள் அலறியபோது காரியம் கை மீறிவிட்டது. துகள்கள் தூக்கிய கை தூக்கியபடியே கல்லுக்குள் மாட்டிக்கொண்டன.

அடுத்தடுத்து வந்த குழம்புகள் காராயி மேல் ஏறிப் படர்ந்தன. “மூத்தவங்களே கலையச் சொல்லலையே, இப்ப இதுதான் முறை போலிருக்கு” என்று அவையும் சொல்லாமலே இறுகின. நிலமங்கை நடக்க நடக்க, வழியெல்லாம் புதுக் குழம்பு பொங்கி, அடுக்கு மேல் அடுக்காக ஒரு குன்றே எழுந்துவிட்டது. அத்தனை அடுக்கிலும் துகள்கள் கும்பிட்ட கோலம்தான்.

“கை கடுக்குது, காராயி அக்கா!” என்று தினமும் புலம்புவான் அடியடுக்கில் இருந்த கடுகன் என்கிற துகள். “மழைகூடச் சண்டை போட்டது நீங்க, தண்டனை எங்களுக்கா?”

“மன்னிச்சிடுடா தம்பி” என்பாள் காராயி. குற்றம் அவளுடையதுதானே.

யுகம் யுகமாக நடந்து நிலமங்கை நடுக்கோட்டைத் தாண்டி வந்தாள். எதிரே ஒரு மாபெரும் நிலம். பழங்கரையார் என்று பெயர். பிறந்த இடத்தை விட்டு அதிகம் அசையாதவர், அந்தப் பெருமையே அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டே வந்தது இடைக்கடல்.

“வா, வா. என் விளிம்பிலிருந்து என்னைக்கோ ஒடிஞ்சு விழுந்த துண்டுதானே நீ? வந்து என் காலடியில படுத்துக்கோ” என்றார் பழங்கரையார்.

நிலமங்கை எடுத்த அடியைப் பாதியில் நிறுத்தினாள். நிலங்களுக்குள் அப்படி ஒரு சட்டம் உண்டு. ஒடிந்த துண்டு திரும்பி வந்தால் தாய்க்கரைக்கு அடியில் போய்ப் புதைந்துவிட வேண்டும். தொலைவிலிருந்து நடந்து வந்தவள் என்றால் தோளோடு தோள் முட்டி நிமிர்ந்து நிற்கலாம். புதைந்தால் என்ன ஆவது? இவ்வளவு தூரம் சுமந்து வந்த காடு, ஆறு, தவளை, பல்லி, பறவை எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும்.

“நான் துண்டு இல்லைங்க. தெற்கேயிருந்து நடந்து வந்தவ” என்றாள்.

“அப்படியா? எங்கே, நடந்த தடத்தைக் காட்டு பார்ப்போம்!”

இடைக்கடல் குறுக்கே வந்தது. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா எனக்கு இங்க இடம் கிடையாது. போறதுக்கு முன்னாடி நியாயமா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். பௌர்ணமிக்குள்ள ஆதாரம் கொண்டா, மங்கை. இல்லேன்னா நீ அடியில போகத்தான் வேணும்.”

ஆதாரத்துக்கு எங்கே போவாள் பாவம்! தென்கடலைக் கேட்டாள். “என் மேல நடந்தவங்க தடம் என்கிட்ட எப்படிம்மா தங்கும்?” என்றது அது. மரங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். விதை காற்றில் பறந்து வந்திருக்கும் என்று பழங்கரையார் ஒரே பேச்சில் அடித்துவிட்டார். கடைசியில் கரையோரத்தில் நின்ற காராயிக் குன்றின் அடியடுக்கைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “இதுங்களைப் பாருங்க! எங்க ஊர்க் கல்லெல்லாம் மண்ணைப் பார்த்துக் குனிஞ்சு கும்பிடும். இதுங்க வானத்தைப் பார்த்துக் கும்பிடுது. மரியாதை தெரியாத கூட்டம்!”

அந்த நேரம் கரையேறிக்கொண்டிருந்தாள் பவளாயி என்கிற கடலாமை. எந்தக் கடலில் விட்டாலும் பூமியின் இழுப்பு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தே பிறந்த கரைக்கு வழி கண்டுபிடிக்கிறவள். அவள் காதில் இந்தப் பேச்சு விழுந்தது.

“என்னது, வானத்தைப் பார்த்தா?” என்று குடுகுடுவென்று குன்றடிக்கு ஓடினாள். ஆமை ஓடியதா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு ஓடினாள். காராயியின் உடம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மங்கை, பயப்படாதே! நீ நடந்த தடம் இந்தக் கல்லுக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலையில நான் சாட்சி சொல்றேன்.”

பழங்கரையாருக்குத் திக்கென்றது. உடனே தன் தீ ஊற்று ஒன்றைப் பூமிக்கு அடியால் அனுப்பினார். அது காராயியின் காலடியில் வந்து நைசாகப் பேசியது.

“பாவம்டா நீங்க, எத்தனை காலமா இப்படி நிக்கிறீங்க! நான் கொஞ்சம் சூடு காட்டினா கல்லு இளகிடும். கையை இறக்கிட்டு நிம்மதியாப் படுத்துக்கலாம். எங்க ஊர் முறைப்படி ஒருதரம் குனிஞ்சா போதும். என்ன சொல்றே, கடுகா?”

கடுகனுக்கு ஆசை வந்துவிட்டது. யுகக்கணக்கில் கடுத்த கை அல்லவா! எல்லாத் துகள்களும் அவனையே பார்த்தன. காராயி மெல்லப் பேசினாள்.

“தப்பு என்னோடதுடா தம்பி. உங்களை நிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. இறக்கணும்னா இறக்குங்க.”

மேலே ஒரு தவளை கத்தியது. அதன் பாட்டனுக்குப் பாட்டனும் இந்தக் குன்றின் மேல்தான் கத்திக்கொண்டிருந்தான்.

“ஊற்றண்ணே, நீங்க போயிட்டு வாங்க,” என்றான் கடுகன். “இத்தனை நாளும் மாட்டிக்கிட்டு நின்னோம். இன்னைக்கு நாங்களாவே நிக்கிறோம்.”

“நிக்கிறோம்!” என்றன அடியடுக்குத் துகள்கள். “நிக்கிறோம்!” என்றது அதற்கு மேல் அடுக்கு. குன்றின் உச்சிவரைக்கும் அந்தக் குரல் ஏறியது. தீ ஊற்று வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை இடைக்கடல் முன்னால் பவளாயி சாட்சி சொன்னாள்.

“ஐயா, பூமியோட இழுப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே இருக்கிறவங்களுக்கு அது தலையை மண்ணுக்குள்ள குனிய வைக்கும். நடுக்கோட்டுல மட்டமாப் போகும். தெற்கே போனா தலையை வானத்துக்குத் தூக்கிவிடும். தூரம் போகப் போகத் தூக்கலும் கூடும். காராயியோட துகள் எல்லாம் நல்லாத் தலை தூக்கி நிக்குது. அது ஆறினது தூரத் தெற்குல. சத்தியம்!”

“ஏதோ தற்செயலாக் கோணிக்கிட்டு நிக்குது!” என்று சீறினார் பழங்கரையார்.

“ஒருத்தன் கோணலா நிக்கலாம் ஐயா. ஊரே சொல்லி வச்ச மாதிரி ஒரே கோணத்துல நிக்குமா? சரி, அதையும் விடுங்க. இதோ, மேலே ஏறுறேன், பாருங்க.”

ஆமை செங்குத்துக் குன்றில் ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு அடுக்கிலும் கன்னத்தை வைத்தாள். “இங்க தலை கொஞ்சம் இறங்கியிருக்கு! இங்க இன்னும் கொஞ்சம்! இதோ, இங்க மட்டமா நிக்குது, நடுக்கோட்டுல ஆறின கல்லு!” உச்சிக்குப் போய் மூச்சு வாங்கக் கத்தினாள்: “இங்க குனிஞ்சு நிக்குதுய்யா! நேத்துப் பொங்கின கல்லு, உங்க ஊர் முறையிலேயே கும்பிடுது!”

கடல் அலையை நிறுத்திக் கேட்டது. கீழிருந்து மேல்வரைக்கும் நிலமங்கை நடந்த நடை முழுவதும் அந்தக் குன்றில் இருந்தது. அடி பிசகவில்லை.

“மங்கை நடந்து வந்தவதான்!” என்றது இடைக்கடல். “நிமிர்ந்து நில்லும்மா!” சொல்லிவிட்டு அது விலகிக்கொண்டது.

காடெல்லாம் ஆர்ப்பரித்தது. நிலமங்கை தலையை நிமிர்த்தி, தோளைக் கொடுத்து முட்டினாள் பாருங்கள், பழங்கரையாரின் விளிம்பே மடிந்து, மடிந்து, வானம் முட்ட ஒரு பனிமலையாக எழுந்தது! அவரும் சளைக்காமல் எதிர்த்து முட்டிப் பார்த்தார், கடைசியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “அடேயப்பா, துண்டுக்கு இந்த பலம் கிடையாதும்மா!” என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் காராயி குன்று முழுக்கக் கேட்கும்படி கூவினாள். “கடுகா! எல்லாரும் கேளுங்க! இப்பச் சொல்றேன், போதும், கலையுங்க!”

ஒரு துகள்கூட அசையவில்லை.

“மாட்டோம் அக்கா,” என்றான் கடுகன். “இனிமே இதுதான் முறை.”

அன்று தொடங்கியதுதான் இது: உலகத்தில் எந்த மூலையில் தீக்குழம்பு ஆறினாலும், அதைக் கலையச் சொல்ல ஆள் கிடையாது; நிலம் எத்தனை தூரம் நகர்ந்து போனாலும், கல்லுக்குள் இருக்கிற துகள்கள் தாம் பிறந்த இடத்தில் கும்பிட்ட கோலத்திலேயே நிற்கின்றன.