துண்டுக்குள் போட்ட விலை

மாட்டுத் தரகை விட்டுவிட்டு மயிலாத்தாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ராக்கியண்ணன். குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. சீடருக்குத் தலையெல்லாம் வெள்ளை. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

"தாயி, முதல் போடறது, வாங்கறது, விக்கறது, லாபம் பாக்கறதுன்னு உலகமே ஒரு ஏற்பாட்டுல ஓடுதுங்களே. அந்த ஏற்பாடு பாவமுங்களா, புண்ணியமுங்களா?"

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

"செவ்வாய். மாட்டுச் சந்தைங்க."

"எந்திரிங்க, போலாம்."

சந்தையில் பாவாயி தன் கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடு நல்ல விலைக்குப் போனால்தான் மகள் நர்சிங் படிப்பில் சேர முடியும். பணம் கட்ட நாளைதான் கடைசி நாள்.

அந்தச் சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் தன் துண்டை விரித்து, விற்பவர் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்துக் காட்டுவார். எத்தனை விரலோ அதுதான் விலை. துண்டுக்கு வெளியே ஒரு சொல் வராது.

தரகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். ஒவ்வொரு தடவையும் பாவாயி முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. கடைசியில் கண் கலங்கிவிட்டது.

பழைய தரகரான ராக்கியண்ணனுக்குத் துண்டின் அசைவிலேயே விளங்கிவிட்டது. "பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க, தாயி. எல்லாரும் அதே விரலத்தான் பிடிக்கறாங்க. பாதி விலைகூடத் தேறாது."

"துண்டு மேல தப்புங்களா?"

"துண்டுக்கு என்னங்க தெரியும்? உள்ள போற கைதான்."

"அப்ப அவங்கெல்லாம் கெட்டவங்க."

"ஐயோ, இல்லீங்க! அந்தா நிக்கறானே செங்கோடன், எம்மவ பிரசவத்துக்கு ரத்தம் குடுத்தவனுங்க."

"துண்டும் ஒண்ணும் அறியாது. ஆளுகளும் நல்லவங்க. பொறகு அந்தப் பொண்ணு ஏனுங்க அழுகுது?"

ராக்கியண்ணன் நேரே போய்ச் செங்கோடன் கையிலிருந்த துண்டை வெடுக்கென்று உருவினார்.

"ஏனுங் மாமா! சாமியாராப் போயி, இப்பத் துண்டு பறிக்கற பொழப்புக்கு வந்துட்டீங்களா?"

"வெலைய வாயில சொல்லுடா. வாயி எதுக்கு, வெத்தலை போட மட்டுமா?"

சந்தை சிரித்தது. கூட்டம் கூடியது. செங்கோடன் வேறு வழியில்லாமல், விரலால் காட்டின விலையைச் சத்தமாகச் சொன்னான். சொன்னவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"இந்த மடிக்கா அந்த விலை?" என்று ஒரு பால்காரர் கூட்டிக் கேட்டார். செங்கோடனுக்கு ரோசம் வந்துவிட்டது; அவன் அதற்கு மேல் கேட்டான். இன்னொரு தரகர் அதற்கும் மேல். எல்லாம் அதே ஆட்கள்தான். விலை மட்டும் கிடுகிடுவென்று ஏறியது!

முடிவில் செங்கோடனே பிடித்தான். "நல்ல மாடு மாமா, இந்த விலைக்கும் நட்டமில்லை" என்று அவனும் சிரித்தான். பாவாயி மாட்டைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். சந்தை முழுக்க விசில் பறந்தது. "எம்மாட்டுக்கும் வாயிலயே சொல்லுங்கப்பா!" என்று அடுத்தவர் கத்தினார்.

ராக்கியண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குருவிடம் வந்தார்.

"ஜெயிச்சுட்டோம், தாயி! இனி இங்க இதுதான் வழக்கம். நானு நிம்மதியாக் குடிசையில உக்காந்து கண்ண மூடிக்கலாமுங்க."

மயிலாத்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஜெயிச்சது நெசந்தானுங்க. ஆனா அடுத்த செவ்வாயும் வாங்க. வழக்கத்துக்குக் கண்ணு கிடையாது. உங்களுக்கு ரெண்டு இருக்குதே."