யாரோட கொஞ்சம்?

அந்தக் காலத்தில் மலைக்காட்டில் எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. பாறைகூட உட்கார்ந்த இடத்திலிருந்து புலம்பும். சாணத்தில் முளைக்கும் சின்னக் காளான் மட்டும் வாயைத் திறக்காது. அதற்கு அவ்வளவு கூச்சம். உடம்பும் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெளிறிய நிறம்.

அந்தக் காட்டில் செம்பன் என்று ஒரு மலையணில். மரத்துக்கு மரம் தாவுவதில் அவனை அடிக்க ஆளில்லை, அந்த மண்டைக்கனமும் உண்டு. ஓர் ஆடிக் காற்றில் கிளை முறிந்து விழுந்தான். காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு தரையிலேயே நடந்தான். அவன் மனைவி சடைச்சிக்கோ வயிற்றில் பிள்ளை. உச்சிக் கிளையில் கூடு கட்டாவிட்டால் குட்டிகள் மரநாய் வாய்க்குத்தான் போகும். அவள் ஒற்றை ஆளாகக் குச்சி சுமந்து ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அவன் வெட்கத்தில் செத்தான்.

ஒரு நாள் காலையில் காட்டெருமை கரியம்மாவிடம் போனான். போன வருஷம் கன்றைச் செந்நாய்க்குப் பறிகொடுத்துவிட்டு, எலும்பும் தோலுமாய் நின்றவள் அவள். இப்போது நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி ஆறுச்சு?"

"எங்கேப்பா ஆறுச்சு? புல்லோட சேர்த்து அந்தச் சாணிக் காளானைத் தெரியாம தின்னுட்டேன். பகல் முழுக்க அழுதேன். என் கன்னு எதிர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. வலி போகல. ஆனா சுமந்துகிட்டே நடக்கலாம்னு தெரிஞ்சுது."

"நானும் தின்னலாமா?"

"தின்னு. ஆனா கொஞ்சமா தின்னு."

"கொஞ்சம்னா?"

"எட்டு, பத்து" என்றாள் கரியம்மா, வாயில் புல்லோடு.

குன்று மாதிரி இருப்பவளின் கொஞ்சம் அது. அவள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டே போய்விட்டாள். பள்ளத்தாக்கின் விளிம்பில், தன்னந்தனியாக, செம்பன் எட்டையும் தின்றான்.

முதலில் இலைகள் மூச்சுவிட்டன. மரப்பட்டையின் கோடுகள் ஓடையாக ஓடின. அழகாகத்தான் இருந்தது. பிறகு கிளை முறியும் சத்தம் காதுக்குள் கேட்டது, நிற்காமல் கேட்டது. தன் பேர்கூட அவனுக்கு மறந்துபோனது. எதிரே பள்ளத்தில் மிதந்த மூடுபனி ஒரு பெரிய வெள்ளைக் கிளையாகத் தெரிந்தது. அதில் ஏறினால் தப்பிக்கலாம் என்று நினைத்துத் தாவக் காலை மடக்கினான்.

குச்சி பொறுக்க வந்த சடைச்சி பாய்ந்து அவன் வாலைக் கவ்வினாள். கவ்விய பல்லை விடவில்லை. பேச முடியாததால் கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் நடுங்கினான், அழுதான், திடீரென்று சிரித்தான். பொழுது சாயும்போது "சடைச்சி" என்றான். அப்போதுதான் அவள் வாயை எடுத்தாள்.

விஷயம் தெரிந்து கரியம்மா ஓடி வந்தாள். "என் கொஞ்சத்தைச் சொல்லிட்டேனே, பாவி!" என்று காளான்களை மிதிக்கக் குளம்பைத் தூக்கினாள்.

"மிதிக்காதீங்க அக்கா" என்றான் செம்பன். "அன்னைக்கு முறிஞ்ச அந்தக் கிளையை மறுபடி பார்த்தேன். பக்கத்துல இவ இருக்கான்னு தெரிஞ்சப்புறம் நல்லா உத்துப் பார்த்தேன். உளுத்த கிளை. எல்லாக் கிளையும் அப்படி இல்ல."

சடைச்சிக்குக் கோபம் அடங்கவில்லை. காளானின் தண்டைப் பிடித்துக் கிள்ளினாள். "நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

கிள்ளிய இடம் கன்றி நீலமானது. காளான் முதன்முதலாக வாய் திறந்தது.

"எனக்குப் பேச வராது. இந்த நீலத்தையே வெச்சுக்கறேன். யார் தொட்டாலும் காட்டுறேன். பார்த்ததும் நிக்கட்டும். யாரோட கொஞ்சம்னு கேக்கட்டும். பக்கத்துல யாருன்னும் கேக்கட்டும்."

"வயித்துப் பிள்ளையோட எனக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது" என்று சடைச்சி கையைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் செம்பன் ஒரு முழம் தாவினான். அதற்கு மறுநாள் இரண்டு முழம். அடைமழைக்கு முன்பே உச்சியில் கூடு முடிந்தது. அதில் இரண்டு குட்டிகள் பத்திரமாகக் கண் திறந்தன.

அன்று முதல்தான் அந்தக் காளான் தொட்ட இடத்தில் நீலமாகக் கன்றுகிறது. அந்த நீலம் 'வா' என்று கூப்பிடவில்லை, 'நில்' என்கிறது. நின்றவரிடம் இன்றும் அது முதலில் கேட்பது இதைத்தான்: "யாரோட கொஞ்சம்?"