பூவலிங்கம் அண்ணாச்சியின் வெறும் வயிறு

சட்டுவங்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "இங்கனதான் இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடைக்காது. நாமும் அந்த அளவோடு விட்டுவிட்டுக் கதைக்குள் போவோம்.

அந்த ஊரில் கல்யாணச் சமையல் என்றால் பூவலிங்கம் அண்ணாச்சிதான். அவருக்குக் கைக்கு உதவியாக மூன்று பேர். அடுப்பு மூட்ட மாசானம், காய் நறுக்க ஆவுடை, மாவு அரைக்கவும் பிழியவும் தாண்டவன். மூன்று பேருக்கும் கை சுத்தம், வாய் சுத்தம். மூளையும் சுத்தம்தான், அங்கே ஒன்றுமே கிடையாது. "வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்குங்கல" என்று அண்ணாச்சி சொன்னால், கல்யாணப் பெண்ணின் தாயாரிடம் போய் ஒத்துப் பார்க்க ஒரு தங்க வளையலைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள். அண்ணாச்சியும் அந்த வளையலை வாணலிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கட்டும்" என்பார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அண்ணாச்சி ஒரு பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது வாசனையிலேயே அவருக்கு வயிறு நிறைந்துபோயிருக்கும். ஒரு டம்ளர் ரசத்தைக் குடித்துவிட்டு அண்டா கழுவப் போய்விடுவார். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்ட மனுஷன் அவர். அவரிடம் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள வெட்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி மில் தெய்வநாயகம் நேரில் வந்தார்.

"அண்ணாச்சி, எங்கல்யாணத்துக்கு நீங்கதான் சமைச்சிய. எம்பொண்ணு காதுகுத்துக்கும் நீங்கதான். வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். இந்தத் தடவை சமையலுக்கு வெளியூர்ல ஆள் சொல்லியாச்சு. நீங்க முதல் பந்தியில, முதல் எலையில வந்து உக்காரணும்."

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். தெய்வநாயகம் தெருமுனை திரும்பிப் போன பிறகும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அன்றைக்கே மூவரும் கூடி யோசித்தார்கள்.

"அண்ணாச்சி பந்தியில உக்காந்தே பழக்கமில்லாத ஆளு" என்றான் ஆவுடை. "ஊரே பாத்துக்கிட்டிருக்கும். பாயசத்தை எப்ப ஊத்தணும், அப்பளத்தை எப்ப நொறுக்கணும்னு தெரியாம முழிச்சா மானம் போயிரும்."

"கூத்துக்கே ஒத்திகை உண்டு" என்றான் தாண்டவன். "சாப்பாட்டுக்கு இல்லாமலா?"

ஆக, திங்களும் செவ்வாயும் ஒத்திகை நடந்தது. ஒரு நாளைக்கு மூன்று பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் மூன்று பாயசம், இரண்டு வடை, அவியல், புளிக்குழம்பு, நெய் ஊற்றிய பருப்பு. அண்ணாச்சி ஒரு குறையும் வைக்காமல் பயிற்சி எடுத்தார். புதன்கிழமை காலையில் அவர் வயிறு மேளம்போல் விறைத்துவிட்டது. புளித்த ஏப்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கொல்லைப்பக்கம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமா?" என்று அண்ணாச்சி எல்லாரையும் கேட்டார். தூணைக்கூடக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

செண்பகவல்லி வைத்தியரம்மாவை அழைத்து வந்தார்கள். கெட்டிக்காரி. சட்டுவங்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், உள்ளூர்க்காரி இல்லை. அண்ணாச்சியின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். சமையல்காரர்களுக்குச் சமையல் பாஷையில் சொன்னால் புரியுமே என்று நினைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. வயிறும் ஒரு சமையக்கட்டுதான். வாய் ஒரு உரல், அங்க அரைபடணும். அரைபட்டது கீழ இறங்கி இரைப்பைங்கிற அண்டாவுல விழும். அங்க ஒரு புளிச்ச தண்ணி சுரந்து எல்லாத்தையும் கூழாக்கும். அதுக்கே மூணு நாலு மணி நேரம் ஆகும். பெறகு அது சின்னக்குடலுக்குப் போகும். அது இருபது அடி நீளம், சுருண்டு கிடக்கும். கல்லீரல்ல இருந்து பித்தமும் கணையத்துல இருந்து ஒரு நீரும் அங்க வந்து சேரும். சத்தெல்லாம் அங்கதான் ரத்தத்துல கலக்கும். மிச்சத்துல உள்ள தண்ணியப் பெருங்குடல் உறிஞ்சிக்கிடும். சக்கை வெளிய போயிரும்."

நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். தன் வயிற்றுக்குள் இத்தனை பேர் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்களா என்று அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது.

"நீங்க என்ன செய்தியன்னா, அண்டா காலியாகுறதுக்குள்ள அடுத்த பந்தியக் கொட்டிட்டிய. அக்கினி மந்தமாயிட்டு, தூண்டி விடணும். கூடவே மலச்சிக்கல் வேற. தண்ணி நெறையக் குடிங்க, கீரை, வாழைத்தண்டு சேருங்க, சிக்கல் தன்னால விட்டுரும். இந்தச் சூரணத்த இப்பவே வெறும் வயித்துல போடுங்க. சாப்பாட்டுக்கு முன்னால போடணும், மறந்துராதீய."

தங்கச்சி பிரசவத்துக்குப் பக்கத்து ஊர் போவதாகவும் வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு, அவள் வண்டி ஏறினாள்.

மாசானம் உடனே அண்ணாச்சியின் சட்டையைக் கழற்றினான். பனியனையும் கழற்றினான்.

"இப்பதான் வெறும் வயிறு" என்றான்.

"சாப்பாட்டுக்கு முன்னாலன்னு சொன்னாவல்லா" என்றான் தாண்டவன். சோற்றுப்பானையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். பானை உருண்டை. அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

"வாசலைப் பாத்திருக்கிறது முன்பக்கம்" என்றான் மாசானம்.

"பானையத் திருப்பி வச்சா?"

"அப்ப பானை முதுகைக் காட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அண்ணாச்சியே தீர்ப்புச் சொன்னார். "பேர் வெட்டியிருக்கிற பக்கம்தாம்ல முன்பக்கம். பேரை யாராவது முதுகுல எழுதுவானா?" மூவரும் அசந்துபோனார்கள். 'பூ.லி.' என்று வெட்டியிருந்த பக்கத்துக்கு எதிரே அண்ணாச்சியை உட்கார வைத்து, சூரணத்தை வெறும் வயிற்றில் தொப்புளைச் சுற்றி வட்டமாகத் தேய்த்தார்கள். மீந்ததை நெஞ்சிலும் கொஞ்சம் பூசினார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள இறங்குத மாதிரிதான் இருக்கு" என்றார்.

அடுத்தது அக்கினி. அதை மாசானம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மந்தமா எரியுற அடுப்பை என்ன செய்வோம்? ஊதுவோம். இதுக்குப் போயி ஒரு வைத்தியரு" என்று ஊதுகுழலை எடுத்து வந்தான். அண்ணாச்சி ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மூவரும் முறைவைத்து ஊதினார்கள். வயிறு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. கடமுடவென்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள், கூரையில் உட்கார்ந்திருந்த காகம் இடம் மாறி உட்கார்ந்தது.

"புகை கிளம்பிட்டு" என்றான் மாசானம். "இனி வெறகு போட்டாப் பிடிச்சிரும்."

வயிற்றுக்குள் எரிகிற விறகு எது? இதற்கு விவாதமே வேண்டியிருக்கவில்லை. மிளகாய் எரியும் என்பது ஊருக்கே தெரியும். பதினாலு மோர்மிளகாயை வறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் அண்ணாச்சிக்குக் கொடுத்தார்கள். காற்றுப் போக நடுவில் இடம் விட்டு விழுங்கச் சொன்னான் மாசானம். அவரால் முடிந்த அளவு அப்படியே விழுங்கினார்.

சாயங்காலம் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, நெஞ்செரியுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் மூட்டிய தீ பரண்வரைக்கும் ஏறிவிட்டது. விஷயம் கைமீறிப் போய்விட்டதாக அவர்களுக்குத் தோன்றியது.

"தண்ணி ஊத்துவோமா?" என்றான் ஆவுடை.

"கூறு கெட்டவனே, உள்ள இருக்கிறது பூராவும் நெய்யும் எண்ணெயும். எண்ணெய் பத்திக்கிட்டா தண்ணி ஊத்தலாமா? மூடித்தாம் அணைக்கணும்" என்றான் மாசானம்.

நனைந்த சாக்கை அண்ணாச்சியின் நெஞ்சில் போட்டு, அதன்மேல் பெரிய அண்டாவின் மூடியைக் கவிழ்த்து, மூடி நகராமல் இருக்கத் தாண்டவன் மேலே உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சிக்கு மூச்சுத் திணறியதில் நெஞ்செரிச்சல் மறந்தே போய்விட்டது. "அணைஞ்சிட்டுல" என்றார் மெல்லிய குரலில். விருந்து அவருக்கு இப்போது கண்முன்னே தெரிய ஆரம்பித்தது. அந்த முதல் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கும் என்பதுவரை தெரிந்தது.

வியாழக்கிழமை பாக்கி இருந்தது சிக்கல் மட்டும். அது தாண்டவனின் இலாகா. இடியாப்பம் பிழிகிறவனுக்குச் சிக்கலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இருபது அடிக் குடல் சுருண்டு சிக்கிக் கிடக்கு. இடியாப்பம் சிக்கிக்கிட்டா என்ன செய்வோம்? கரண்டி போட்டா ஒடைஞ்சிரும். எண்ணெய் விட்டு, ரெண்டு பக்கமும் பிடிச்சு, மெதுவா ஒதறணும்."

அடிக்கு ஒரு கரண்டி என்று கணக்குப் போட்டார்கள். சமையல் கரண்டி பெரிது என்பதால் அண்ணாச்சி பயந்தார். சரி என்று தேக்கரண்டிக்கு இறங்கி வந்தார்கள். நல்லெண்ணெய் தீர்ந்திருந்ததால் விளக்கெண்ணெயை எடுத்தார்கள். இருபது கரண்டி உள்ளே போனதும், மாசானம் கைகளைப் பிடித்தான், ஆவுடை கால்களைப் பிடித்தான். ஈரப் போர்வையை உதறுகிறாற்போல் அண்ணாச்சியை உதறினார்கள். தாண்டவன் வயிற்றில் காதை வைத்து, "இன்னும் ரெண்டு முடிச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. அண்ணாச்சி பதினோரு தடவை கொல்லைப்பக்கம் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் மூவரும் செம்பும் தண்ணீருமாக வரிசையில் நின்று வாழ்த்துச் சொன்னார்கள்.

வைத்தியரம்மா சொன்னபடி வந்தாள். நடந்ததையெல்லாம் மூவரும் பெருமையோடு சொன்னார்கள். அவள் ரொம்ப நேரம் ஊதுகுழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, உடம்புல உள்ள தண்ணி பூராவும் போயிட்டு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி மட்டும் அடிக்கடி குடிங்க. இன்னைக்கு ஒரு நாள் வயித்துக்கு ஓய்வு குடுக்கணும். ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது."

"முதல் எலைம்மா" என்றார் அண்ணாச்சி.

"எந்த எலையா இருந்தாலும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்த இலை. தோள் குலுங்கியது. மூவருக்கும் அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஆவுடை ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான்.

"வயிறும் ஒரு சமையக்கட்டுதான்னு அந்தம்மாவே சொன்னாவ. சமையக்கட்டுல ஒரு ஆளு லீவு போட்டா நாம கல்யாணத்தையா நிறுத்துதோம்? அவன் வேலைய மத்தவன் பாக்கான்லா. அண்ணாச்சி வயித்துக்குத்தான ஓய்வு. நம்ம வயிறு மூணும் சும்மாதான கிடக்கு."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

முதல் பந்தியில் முதல் இலையில் அவர் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். மூவரும் அவரைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். பரிமாறியது எல்லாம் அண்ணாச்சியின் இலையில். "மாசானம், பருப்பு" என்பார் அண்ணாச்சி. மாசானம் கை நீட்டுவான். "ஆவுடை, அவியல். மெதுவா, மென்னு தின்னு." "தாண்டவா, பாயசத்துல அப்பளத்த நொறுக்கு." ஒத்திகை வீண்போகவில்லை. ஒரு இடத்திலும் வரிசை தப்பவில்லை.

அப்போது பாயச வாளியோடு ஒரு ஆள் குனிந்து கேட்டான். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் போடவா?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "போடுப்பா" என்றார். அதே கேள்வியை அவன் ஏழு தடவை கேட்டான். ஏழு தடவையும் அவர் போடச் சொன்னார். கேட்கக் கேட்க அவருக்குப் போதவில்லை.

பந்தி முடிந்ததும் தெய்வநாயகம் வந்து, "வயிறு நெறைஞ்சுதா அண்ணாச்சி?" என்றார்.

அண்ணாச்சி மூவரையும் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணும் நெறைஞ்சிட்டு" என்றார்.

சனிக்கிழமை மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். வைத்தியரம்மா வந்தாள். வயிற்றுக்கும் சமையலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று முதலிலேயே சத்தியம் செய்தாள். பிறகு மூன்று பொட்டலம் சூரணம் கொடுத்து, "வெறும் வயித்துல" என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பொட்டலத்தை வைத்துக்கொண்டு மூவரும் யோசித்தார்கள்.

"இது நம்ம மருந்து இல்ல" என்றான் ஆவுடை. "சாப்பாடு அண்ணாச்சியோடது. நாம வேலைதான் பாத்தோம். அண்டாவுல கிடக்கிற சோறு அண்டாவுக்கா சொந்தம்?"

அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. விருந்து தனக்கு, வலி மட்டும் இவர்களுக்கு என்றால் எப்படி? எழுந்து சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். பானையைத் தானே திருப்பி வைத்து, 'பூ.லி.'க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாசானம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, முனகிக்கொண்டே, தொப்புளைச் சுற்றித் தேய்த்தான். மூவருக்கும் கொஞ்சம் தேவலைபோல் இருந்தது. இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் போடவா?"

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றை நன்றாக முன்னால் தள்ளி, "போடுப்பா" என்றார்.