பெயருக்கு இடம் விட்ட கல்

"அம்மா, கல்லுல பொய் வெட்டுறது பாவமா?"

கேட்டவன் கல்தச்சன் கொற்றன். ஊரார் ஞானியாக மதிக்கும் நீலியம்மையிடம் பத்து வருஷமாக வந்துபோகிற சீடன். ஆற்றங்கரையில் அவள் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கல்லு?"

"என் மகன் எழினியோட நடுகல்லு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

அந்த நாட்டில் வீட்டுக்கு ஒரு பிள்ளை படைக்குப் போயே ஆக வேண்டும். செத்தால் நடுகல். அதில் 'தானே விரும்பிப் போனான்' என்று இருக்க வேண்டும் என்பது அரசாணை. மாற்றிப் பேசியவர்களுக்கு நாக்கு போயிற்று, மாற்றி எழுதியவர்களுக்குக் கை போயிற்று. அதனால் அந்த ஊரில் எல்லாரும் விரும்பித்தான் செத்தார்கள்.

"என்ன வெட்டறதுன்னு கேக்குறியா?"

"வெட்டியாச்சும்மா. போருக்கு முன்னாடியே நாப்பது கல்லு தயாரா வைக்கச் சொன்னாங்க. அந்த வரியை வெட்டி, பேருக்கு மட்டும் இடம் விட்டு வச்சேன். அதுல ஒண்ணுதான் இப்ப என் பிள்ளைக்கு."

"அதை வெட்டினப்ப எழினி எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான். கல்லுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தான்."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதான். அவள் தடுக்கவில்லை.

"படையாளுங்க கூட்டிட்டுப் போனப்ப என்ன சொன்னான்?"

"'கையை விட்டுடாதீங்கப்பா'ன்னான்."

"நீ?"

"விட்டுட்டேன்."

நீலியம்மை அவன் கையைப் பிடித்தாள். பொழுது சாயும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்த கொற்றன் கல்லைப் புரட்டிப் போட்டு உளியை எடுத்தான்.

எட்டாம் நாள் கல் நட்டார்கள். ஊரே வந்திருந்தது. நடுகிற அன்று படைத்தலைவர்தான் கல்லை உரக்க வாசிப்பது வழக்கம். எல்லாக் கல்லிலும் ஒரே வரி என்பதால் அவர் முன்கூட்டிப் பார்ப்பதில்லை.

"எழினி," என்று வாசித்தார். "கையை விட்டுடாதீங்கப்பா."

கூட்டத்தில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். அவளுடைய பிள்ளை போன வருஷம் விரும்பிப் போனவன். பிறகு இன்னொருத்தி அழுதாள். பிறகு ஆண்களும்.

"நிறுத்துங்க!" படைத்தலைவர் வாளை உருவினார். "யாரு சொல்லிடா இதை வெட்டின?"

நீலியம்மை முன்வரிசையில்தான் நின்றாள். கொற்றன் அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் மகனின் பெயர்மேல் வைத்தான்.

"என் மகன் சொல்லி."