உப்புக்கு ஒரு சைகை

வயிரவன் செட்டியாருக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆசிரமத்துக்கு வரும்போதெல்லாம் புலம்பிவிட்டுப் போவது செட்டியாரின் வழக்கம். இந்த முறை அழுதேவிட்டார்.

வீட்டிலுள்ள விளக்கும் விசிறியும் கதவுப் பூட்டும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இரண்டு முறைகள் சந்தைக்கு வந்திருந்தன. ஒன்றின் காப்புரிமை செட்டியார் பணம் போட்ட கம்பெனியிடம் இருந்தது. அனுமதி வாங்காமல் ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது என்று போர்டில் ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். போட்டிக் கம்பெனி தன் முறையை எல்லாருக்கும் சும்மாவே கொடுத்துவிட்டது. ஊரே அந்தப் பக்கம் போய்விட்டது.

"எங்களோடதுதான் சாமி உசத்தி. பேட்டரி வருஷக்கணக்கா நிக்கும். அப்புறம் ஏன் தோத்தோம்?"

"சாப்பிட்டுட்டுப் பேசலாம். இன்னிக்கு நீங்க பரிமாறுங்க" என்றார் குரு.

அங்கே பந்தியில் யாரும் பேசக்கூடாது. எல்லாம் சைகைதான். இரண்டு விரல் நீட்டினால் ரசம், கையை மூடினால் போதும். குருவோ காதுமடலைத் தொட்டுக் கட்டைவிரலைச் சுழற்றினார். செட்டியார் விழித்தார். ரசம் கொண்டுவந்தார், குரு வேண்டாமென்று தலையாட்டினார். மோர் கொண்டுவந்தார், அப்பளம் கொண்டுவந்தார், எதற்கும் அதே தலையாட்டல்தான். கடைசியில் குரு பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் செட்டியார் கேட்டார். "என்ன சாமி கேட்டீங்க?"

"உப்பு. நானே யோசிச்சு வச்ச சைகை. இங்க இருக்கறதுலயே அழகானது. யாருக்கும் சொல்லித் தரல."

செட்டியாரின் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு போர்டு கூட்டம். இனிமேலாவது எங்க முறையை எல்லாருக்கும் சும்மா விட்டுடட்டுமா?"

குரு சமையல்காரர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு அந்தச் சைகையைச் செய்து காட்டினார். அவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா உப்புக்கு எங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு பழகிப்போச்சே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வேலை இருப்பதாக உள்ளே போய்விட்டார்.

செட்டியார் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"அப்ப, விட்டாலும் யாரும் வரமாட்டாங்க."

"வரமாட்டாங்க."

"என் தங்கச்சி உண்ணாமலை, புருஷன் போனவ. என் பேச்சைக் கேட்டு இருந்த ஒரே வீட்டையும் வித்து இதுல போட்டா. இனி அவ எங்க போவா?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

செட்டியார் தரையைப் பார்த்தார்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. கம்பெனி நல்லாப் போகுதுன்னே நினைச்சுக்கிட்டிருக்கா."

"அதையும் யாருக்கும் தராம நீங்களேதான் வச்சிருக்கீங்க" என்றார் குரு.